குன்மமும் குளிசையும்

புத்தளத்து உப்பளங்களிலே வெயில் ஏற ஏற உப்பு விளைகிறது. களப்பு நீர் பாத்திகளிற் கட்டப்பட்டு, ஞாயிற்றின் வெம்மையால் வற்றி, வெண்மணிகளாகப் படிகின்ற அக்காட்சியைக் காணுந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. நாம் உண்ணும் உப்பு, இரசாயனவியலார் சோடியங் குளோரைட்டு என அழைக்கும் பொருளாகும். மனிதனின் இரைப்பை, உணவைச் செரிப்பதற்கென ஐதரோகுளோரிக்கமிலத்தைச் சுரக்கின்றது. அவ்வமிலத்திற்கு வேண்டிய குளோரைட்டு, உண்ட உப்பிலிருந்து குருதியிற் கலந்து, குருதியிலிருந்து இரைப்பையின் சுவரை அடைகின்றது. ஆகவே, உப்பளத் தொழிலாளி தன் வியர்வை சிந்தி விளைவித்த உப்பே அவன் வயிற்றில் அமிலமாகிறது. அவ்வமிலம் நெஞ்சுவரை ஏறி எரிக்கும்போது அவன் மருந்து தேடி ஓடுகிறான்.

உப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் இலங்கைக் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. உள்நாட்டுக் கண்டி இராச்சியம் உப்புக்குக் கரையோரத்தையே நம்பியிருந்தமையால், உப்பைக் கையில் வைத்திருந்தவனே அரசியலையும் கையில் வைத்திருந்தான். பின்வந்த ஆங்கிலேயர் உப்பை அரச ஏகபோகமாக்கினர். உப்பை விளைவித்தவனும் உண்டவனும் அதன் விலையை நிர்ணயிக்கும் உரிமையைப் பெற்றிருக்கவில்லை. உப்பைப் பற்றிய இவ்வுண்மையை நமது மாணவர்கள் வரலாற்றுப் பாடத்திலே படிக்கின்றனர். ஆனால் அதே உப்பிலிருந்து பிறக்கும் அமிலத்தை அடக்க உண்ணப்படும் குளிசைக்கும் அத்தகைய ஒரு வரலாறு உண்டு என்பதை எவரும் அவர்களுக்குக் கூறுவதில்லை.

நான் தமிழ் கற்பிப்பவன், வைத்தியனல்லன். இவ்வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டியவர் ஒரு மாணவனின் தந்தை. உப்பளத்திலே கூலிக்கு வேலை செய்பவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவர், கூட்டம் முடிந்தபின் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, சட்டைப்பையிலிருந்து இரண்டு குளிசை அட்டைகளை எடுத்து நீட்டினார். “சேர், இதிலெ என்ன எழுதியிருக்கெண்டு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. ஒண்டு கிளினிக்கிலெ தந்தது. மற்றது வெளியிலெ வாங்கினது. ரெண்டும் கஸ்ட்ரிக்குக்குத்தான்,” என்றார். ஒவ்வோர் அட்டையிலும் பெரிய எழுத்தில் ஒவ்வொரு வணிகப் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அப்பெயர்களின் கீழ், கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் சிற்றெழுத்தில், இரண்டிலும் ஒரே சொல் இருந்தது: ஒமிப்பிரசோல். இரு பெயர் தாங்கிய ஒரே மருந்தை, இரு மருந்துகள் என எண்ணி, அம்மனிதர் நாள்தோறும் உண்டு வந்திருக்கிறார். எத்தனை காலமாக என்று கேட்டேன். “ஆறு வருஷமிருக்கும் சேர். கால் வலிக்குக் குளிசை தந்தப்போ, வயித்தைக் காக்கவெண்டு இதையும் தந்தாங்க. கால் வலிக் குளிசையை விட்டு நாலு வருஷம். இதை விட்டால் நெஞ்சு எரியுது,” என்றார்.

ஒரு சில வாரங்களுக்கெனத் தொடங்கிய மருந்து ஆறு ஆண்டுகள் நீடித்ததெப்படி? இதனை அவரது அறியாமை எனக் கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அந்த அறியாமை தானாகத் தோன்றியதன்று. அது எவ்வாறு தோன்றியது என்பதை அறிய வரலாற்றைத்தான் நாடவேண்டும்.

*

வயிற்றெரிவும் புளியேப்பமும் புதிய நோய்களல்ல. நம் சித்த வைத்தியர் அவற்றைக் குன்மம் எனப் பெயரிட்டு, அதனை எண்வகையாக வகுத்தனர்; அவற்றுள் ஒன்றுக்கு எரிகுன்மம் என்றே பெயர். அவர்கள் அளித்த மருந்துகளுள் சங்கு பற்பமும் பலகறைப் பற்பமும் குறிப்பிடத்தக்கவை. சங்கையும் சோகியையும் சுத்திசெய்து, புடமிட்டு, நீறாக்கி எடுத்த அப்பற்பங்களில் உள்ளது சுண்ணச் சத்தேயாகும். அமிலத்தைச் சுண்ணம் நடுநிலைப்படுத்தும் என்னும் இரசாயன விதியை அவர்கள் சூத்திரமாக எழுதி வைக்கவில்லையாயினும், அனுபவத்தால் அறிந்திருந்தனர். இன்றும் உலகெங்கும் விற்கப்படும் அமிலநீக்கிக் குளிசைகள் பலவற்றில் இருப்பது கல்சியங் காபனேற்றே என்பது மனங்கொள்ளத்தக்கது. மன்னார்க் குடாக்கடலிலே சங்கு குளித்தவர்களுக்குக் குன்ம மருந்தின் மூலப்பொருள் காலடியிலேயே கிடந்தது. இதைக் கூறுவது பழம்பெருமை பேசுவதற்காகவன்று. அம்மருந்து எரிவைத் தணித்ததேயன்றி, நோயின் காரணத்தை அறியவில்லை. வேரை அது தொடவில்லை. ஆயினும், அம்மருந்து என்ன பொருளால் ஆயது என்பதை உண்டவன் அறிந்திருந்தான். சங்கு என்றால் சங்கு. அதற்கு வேறு பெயரில்லை.

இரைப்பையில் உள்ளது ஐதரோகுளோரிக்கமிலமே என்பதை 1824ஆம் ஆண்டிலே ஆங்கிலேய வைத்தியரான வில்லியம் பிரவுற் வெளியிட்டார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1822 யூன் மாதத்தில், வட அமெரிக்காவின் மக்கினாக் தீவிலே அலெக்சிஸ் சென் மாட்டின் என்னும் இளந்தொழிலாளி ஒருவன் துப்பாக்கிக் குண்டுபட்டு வீழ்ந்தான். அவன் ஒரு தோல் வணிகக் கம்பனியின் கூலியாள். படை வைத்தியரான வில்லியம் போமொன்ற் அவனைக் காப்பாற்றினார். ஆனால் அவனது வயிற்றில் ஏற்பட்ட துளை மூடவேயில்லை. அத்துளையின் வழியே நூலிற் கட்டிய இறைச்சித் துண்டுகளை இரைப்பையினுள் இறக்கியும், இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்தும் போமொன்ற் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1833இல் வெளிவந்த அவரது நூல் செரிமானம் பற்றிய அறிவுக்கு அடித்தளமாயிற்று. சென் மாட்டினோ அவரது வீட்டிலே விறகு வெட்டும் வேலையாளாகவும், ஒப்பந்தத்தாற் கட்டுண்ட ஆய்வுப் பொருளாகவும் வாழ்ந்தான். வைத்தியர் 1853இல் இறந்தார். தொழிலாளி 1880 வரை வாழ்ந்தான். அவன் இறந்தபோது, உடலை வைத்தியர்கள் வெட்டி ஆராய்தல் கூடாதென எண்ணிய குடும்பத்தினர், அது அழுகும்வரை வைத்திருந்தே அடக்கம் செய்தனர். மருத்துவ விஞ்ஞானத்தின் மகத்தான ஏடுகள் ஒரு கூலித்தொழிலாளியின் ஆறாத புண்ணின்மீது எழுதப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது.

1910இல் குரோவேசிய அறுவை வைத்தியரான காள் சுவாட்சு, அமிலம் இல்லையேல் புண்ணும் இல்லை என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். அடுத்த எழுபதாண்டுக் காலம் உலக மருத்துவம் இக்கோட்பாட்டின் நிழலிலேயே நடந்தது. 1915இல் சிக்காகோவின் பேர்ட்டிராம் சிப்பி என்பவர் மணிக்கொருமுறை பாலும் பாலாடையும் காரப்பொடியும் உண்ணும் ஒரு பத்தியத்தை வகுத்தார். மணிக்கொருமுறை பாலாடை உண்பதற்கு வசதியுள்ள நோயாளி யார் என்ற கேள்வி அப்பத்தியத்தில் எழுப்பப்படவில்லை. பின்னர் கத்தி வந்தது. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி அகற்றினர். 1943இல் டிராக்சுற்றெற் என்பவர் வேகசு நரம்பை அறுத்து அமிலச் சுரப்பைக் குறைக்கும் முறையைப் புகுத்தினார். நமது நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவில் வறியவனுக்குக் கிடைத்தது, அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலில் ஊற்றித் தரப்பட்ட வெண்ணிற மக்னீசிய மருந்தேயாகும்.

இக்காலத்திலே நோய்க்குக் காரணமெனக் கூறப்பட்டவை எவை? அவசரம், கவலை, காரமான கறி. அதாவது நோயாளியின் குணமும் நாக்குமே குற்றவாளிகள். தென்னிந்தியாவில் முன்சிறுகுடற் புண் மிகுதியாகவும், வட இந்தியாவில் குறைவாகவும் இருந்தமையை இரயில்வே வைத்தியரான எஸ். எல். மல்கோத்ரா 1964இல் எடுத்துக்காட்டி, உணவுப் பழக்கத்தின் வேறுபாட்டைச் சுட்டினார். மைசூரிலே அறுவை வைத்தியராகப் பணியாற்றிய பிராங் ரோவி, அரிசி உண்ணும் பகுதிகளையும் கோதுமையும் சிறுதானியமும் உண்ணும் பகுதிகளையும் ஒப்பிட்டு நீண்டகாலம் ஆராய்ந்தார். இவர்கள் நோயாளியைத் தனியே பார்க்காது, அவன் வாழும் நிலத்தோடும் உண்ணும் சோற்றோடும் சேர்த்துப் பார்த்தனர் என்ற வகையில் இவ்வாய்வுகள் மதிக்கத்தக்கவை.

*

பெருந்திருப்பம் 1964ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. இங்கிலாந்தில், சிமித் கிளைன் பிரென்ச் கம்பனியின் ஆய்வுகூடத்திலே, ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டறிஞர், இசுத்தமின் என்னும் பொருள் அமிலச் சுரப்பைத் தூண்டும் வழியை அடைப்பதற்கு ஒரு மருந்து தேடத் தொடங்கினார். பன்னிரண்டாண்டு உழைப்பின் பின் 1976இல் பிரித்தானியாவிலும் 1977இல் ஐக்கிய அமெரிக்காவிலும் சிமெற்றிடீன் விற்பனைக்கு வந்தது. அறுவைக்கென ஆஸ்பத்திரிக் கட்டிலிற் காத்திருந்தவர்கள் குளிசையால் வீடு திரும்பினர். இது மனிதகுலத்துக்குக் கிடைத்த பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. பிளாக்குக்கு 1988இல் நொபெல் பரிசு கிடைத்தது முற்றிலும் பொருத்தமே.

ஆயின், இம்மருந்து புண்ணை ஆற்றியதேயன்றி நோயை ஒழிக்கவில்லை. மருந்தை நிறுத்தினால் புண் பலருக்கு மீண்டும் வந்தது. எனவே, ஆறிய பின்னும் நாள்தோறும் ஒரு குளிசை உண்ணவேண்டும் என்னும் பராமரிப்புச் சிகிச்சை முறை தோன்றிற்று. மருத்துவ நோக்கில் அன்றிருந்த அறிவுக்கு அது நியாயமானதே. வணிக நோக்கிலோ அது ஒரு பொற்சுரங்கம். ஒரு வாரத்தில் குணமாகும் நோயாளி ஒருமுறை வாங்குவான். குணமாகாமலும் சாகாமலும் இருக்கும் நோயாளி ஆயுள் முழுவதும் வாங்குவான். 1981இல் கிளாக்சோ கம்பனியின் ரனிற்றிடீன் வந்து, சில ஆண்டுகளில் உலகிலேயே மிகுதியாக விற்பனையாகும் மருந்தாக உயர்ந்தமைக்கு இப்பராமரிப்புச் சிகிச்சையும் ஒரு காரணமாகும்.

சிமெற்றிடீன் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இலங்கையிலே முற்றிலும் வேறான ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அதனை நடத்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920இல் பிறந்த இவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியர். லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவர். இவரும், வைத்தியரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இணைந்து 1971இல் நாட்டின் மருந்து நிருவாகம் பற்றிய அறிக்கையை அளித்தனர். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் தலைவரானார்.

அவர் செய்தது என்ன? நாட்டிலே புழங்கிய 2100க்கும் மேற்பட்ட மருந்துகளை ஏறத்தாழ 600ஆகக் குறைத்தார். ஒரே பொருளைப் பத்துப் பெயரில் இறக்குமதி செய்வது மருத்துவத்திற்குத் தேவையற்றது. அது அந்நியச் செலாவணியை விழுங்குவது என்பது அவரது வாதம். வணிகப் பெயர்களை ஒழித்துப் பொதுப்பெயரால் மருந்தை வழங்கவேண்டும் என்றார். உலகச் சந்தையிலே கேள்விப்பத்திரம் கோரி, தரமான மருந்தைக் குறைந்த விலையில் மொத்தமாக வாங்கினார். எல்லாவற்றிற்கும் மேலாக, மருந்தைப் பற்றிய அறிவை விற்பனைப் பிரதிநிதிகளின் வாயிலிருந்து வைத்தியர் பெறுதல் கூடாதெனக் கருதி, பக்கச்சார்பற்ற தகவலை வைத்தியர்களுக்கு அளிக்கும் வெளியீட்டுக்கும் வழிசெய்தார். மருந்தைப் போலவே மருந்தறிவும் பொதுச்சொத்து என்பதே இதன் உட்பொருள்.

பன்னாட்டுக் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1974இல் வாந்திபேதி நோய் பரவிய வேளையிலே, கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளிலிருந்து ரெற்றாசைக்கிளின் மருந்தைத் தயாரித்துத் தர இங்கிருந்த பைசர் கம்பனியின் தொழிற்சாலை மறுத்தது. அதனை அரசு கையேற்க முனைந்தபோது அமெரிக்கத் தூதுவர் தலையிட்டார். மக்கள் நோயில் விழுந்துகிடந்த நேரத்திலே தொழிற்சாலை யாருக்காக இயங்குகிறது என்ற கேள்விக்கு இதனிலும் தெளிவான விடை தேவையில்லை.

வரலாற்றிலே சில ஆண்டுகள் கணுக்களாக அமைகின்றன. 1977 அத்தகையது. அவ்வாண்டிலே சிமெற்றிடீன் அமெரிக்கச் சந்தையிற் புகுந்தது. அவ்வாண்டிலே உலகச் சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. குறைந்த எண்ணிக்கையிலான தேர்ந்த மருந்துகள் போதுமென்ற இக்கொள்கைக்கு இலங்கையின் அனுபவம் ஒரு முன்னோடியாக விளங்கிற்று. அவ்வாண்டு யூலையில் இலங்கையில் ஆட்சி மாறிற்று; திறந்த பொருளாதாரம் வந்தது; கூட்டுத்தாபனம் தனது ஏக இறக்குமதி உரிமையை இழந்தது; வணிகப் பெயர்கள் வெள்ளமெனத் திரும்பின. அவ்வாண்டு செப்தெம்பரில், ஐக்கிய நாடுகளின் ஆலோசகராகக் கயானா நாட்டுக்குச் சென்றிருந்த பிபிலே அங்கேயே காலமானார். 1982இல் வங்காளதேசம் தனது மருந்துக் கொள்கையை வகுத்தபோது அவரது சிந்தனை அங்கு முளைவிட்டது. விதைத்த மண்ணிலே அது வாடிற்று.

*

இனிக் குன்மத்துக்குத் திரும்புவோம். 1979இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகர நோயியலாளர் ரொபின் வொறன், இரைப்பைத் துணுக்குகளை நுணுக்குக்காட்டியினூடு பார்த்தபோது, சுருள்வடிவான பற்றீரியாக்களைக் கண்டார். அமிலத்தில் எக்கிருமியும் வாழாது என்பதே அக்காலக் கொள்கை. பரி மார்சல் என்னும் இளம் வைத்தியர் அவருடன் இணைந்தார். 1982இல் ஈஸ்டர் விடுமுறையில் வழக்கத்தைவிட நீண்ட நாள் வைக்கப்பட்ட வளர்ப்புத் தட்டிலே அக்கிருமி வளர்ந்தது. நம்ப மறுத்த உலகுக்கு உணர்த்துவதற்காக 1984இல் மார்சல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து நோயுற்றார். இன்று எலிக்கோபற்றர் பைலோரி என அழைக்கப்படும் அக்கிருமியே பெரும்பாலான குன்மப் புண்களுக்குக் காரணமென நிறுவப்பட்டது. இருவருக்கும் 2005இல் நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்குவோமாயின் இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, ஆயுள் முழுவதும் குளிசை உண்ணவேண்டும் எனக் கருதப்பட்ட நோயை, ஓரிரு வாரங்கள் நுண்ணுயிர்க்கொல்லி உண்டு குணப்படுத்தலாம் என்பது. இரண்டாவது, இக்கிருமி பெரும்பாலும் சிறுபராயத்திலேயே, நெரிசலான வீடுகளிலும் சுகாதார வசதி குன்றிய சூழலிலும் பரவுவது என்பது. கவலையும் கறியும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்க, வறுமை அதில் ஏறிற்று. புண்ணின் மற்றொரு பெருங்காரணம் வலிநீக்கி மருந்துகள். இலங்கையில் நடந்த ஆய்வுகள் சில இக்கிருமியைக் குறைவாகவே கண்டுள்ளன. ஆகவே நம் நாட்டைப் பொறுத்தமட்டில் வலிநீக்கிகளைப் பற்றியே நாம் மிகுதியாகச் சிந்திக்கவேண்டும். உப்புச் சுமந்து முழங்கால் தேய்ந்தவனும், கற்பிட்டி மணலிலே குனிந்து வெங்காயம் நட்டு முதுகு வளைந்தவளும், 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரையிலே அன்றாடக் கூலியாகிப்போனவரும், மறுநாள் வேலைக்குப் போவதற்காக இன்றிரவு ஒரு வலிக்குளிசை உண்கின்றனர். ஓய்வு வாங்கமுடியாதவன் குளிசை வாங்குகிறான்.

புண்ணைக் குணப்படுத்தும் வழி கண்டபின் அமில மருந்துகளின் விற்பனை குறைந்திருக்கவேண்டும் அல்லவா? நிகழ்ந்தது அதுவன்று. 1988இல் சுவீடன் நாட்டின் அஸ்திரா கம்பனி ஒமிப்பிரசோலைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இம்மருந்தின் தொழிற்பாடு வியக்கத்தக்கது. அது இரைப்பையிலே அமிலத்தோடு போரிடுவதில்லை. அமிலத்தால் அழியாதபடி உறையிடப்பட்ட மணிகளாகச் சிறுகுடலை அடைந்து, குருதியிற் கலந்து, அமிலம் சுரக்கும் கலங்களைச் சேர்கிறது. அங்கே அமிலத்தை வெளித்தள்ளும் புரோத்தன் பம்பி என்னும் நொதியத்தோடு பிணைந்து அதனைச் செயலிழக்கச் செய்கிறது. குருதியில் அது சில மணி நேரமே தங்கும். ஆயினும் கலம் புதிய பம்பிகளை ஆக்கும்வரை அதன் பயன் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி முன்னர் உண்ணவேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே: உணவு வரும்போதுதான் பம்பிகள் விழித்தெழுகின்றன. நம் மக்களுள் எத்தனைபேர் இதனைச் சோற்றுக்குப் பின் விழுங்குகின்றனர்!

ஒமிப்பிரசோலின் ஆக்கவுரிமை 2001இல் அமெரிக்காவில் முடிவுறும் தறுவாயில், கம்பனி எசோமிப்பிரசோல் என்னும் புதிய மருந்தை வெளியிட்டது. ஒமிப்பிரசோல் என்பது வலக்கையும் இடக்கையும்போல ஒன்றன் கண்ணாடிப் பிம்பமாக மற்றொன்று அமைந்த இரு வடிவங்களின் கலவை. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்ததே புதிய மருந்து. சிறு வேறுபாடு, பெருவிலை, புதிய ஆக்கவுரிமை. இந்நிலையிலே, பொருளுக்கு ஆக்கவுரிமை வழங்காது செய்முறைக்கு மட்டும் வழங்கிய இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டமே, இத்தகைய மருந்துகளை மலிவாகச் செய்து நம்போன்ற நாடுகளுக்கு அனுப்ப வழிதிறந்தது. உலக வர்த்தக உடன்படிக்கைக்கு இணங்க அச்சட்டமும் 2005இல் மாற்றப்பட்டது.

மலிவு நன்றே. ஆனால் மலிவான மருந்து கேள்வியின்றிப் புழங்கும். ஆண்டுக்கணக்கில் இதனை உண்பதால் என்ன நேரும்? நீண்டகாலம் உண்போரிடம் மக்னீசியக் குறைவு நேரலாமென 2011இலும், ஒருவகைக் கடும் வயிற்றோட்டத்துக்கு வாய்ப்புண்டென 2012இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் எச்சரித்தது. எலும்பு முறிவு பற்றி 2010இல் எச்சரித்திருந்தது. உயிர்ச்சத்து பீ 12 குறைதலும் அறியப்பட்டதே. ஆயினும் நேர்மையுடன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 17,598 பேரை ஏறத்தாழ மூன்றாண்டு அவதானித்து 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, குடற்தொற்றுத் தவிர்ந்த ஏனைய தீங்குகள் தெளிவாக மிகுந்ததாகக் காணவில்லை. உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டோரும், இதயநோய்க்கு அசுப்பிரின் உண்ணும் முதியோரும், வலிநீக்கியைத் தவிர்க்கமுடியாதோரும் இம்மருந்தை நீண்டகாலம் உண்பது அவசியம். அவர்கள் தாமாக நிறுத்துதல் ஆபத்து. ஆகவே மருந்தைப் பகைவனாக்குதல் பேதைமை. தேவை முடிந்தபின்னும் அது தொடர்வதே நமது கேள்விக்குரியது.

அது தொடர்வதற்கு உடலுக்குள்ளேயே ஒரு காரணமுண்டு. பம்பிகள் அடைபட்டிருக்கும் காலத்தில், அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் காசுத்திரின் குருதியில் மிகுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் தேங்கிய தூண்டலெல்லாம் ஒருங்கே செயற்பட்டு, முன்னிலும் மிகுதியான அமிலம் பெருகுகிறது. 2009இல் தென்மார்க்கு ஆய்வாளர், எவ்வித வயிற்றுநோயுமற்ற 120 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் எசோமிப்பிரசோலும் எஞ்சியோருக்கு வெற்றுக்குளிசையும் அளித்தனர். நிறுத்திய பின்னர், மருந்துண்டோரில் நூற்றுக்கு 44 பேருக்கு நெஞ்செரிவு முதலிய குறிகள் தோன்றின. வெற்றுக்குளிசை உண்டோரில் நூற்றுக்கு 15 பேருக்கே தோன்றின. நோயற்றவனுக்கே மருந்து நிறுத்தத்தால் நோய்க்குறி தோன்றுமாயின், “இதை விட்டால் நெஞ்சு எரியுது” என்ற அந்த உப்பளத் தொழிலாளியின் கூற்று எவ்வளவு உண்மையானது! அதனை அவர் தமது நோயின் சான்றாக எண்ணினார். அது மருந்தை விட்டதன் எதிர்விளைவாகவும் இருக்கக்கூடும் என்பதை அவருக்கு எவரும் கூறவில்லை. ஒரு கிளினிக் நாளில் நூறு பேரைப் பார்க்கும் வைத்தியர், கொப்பியின் முன்பக்கத்தில் இருந்ததை அடுத்த பக்கத்தில் மீண்டும் எழுதுகிறார். அவ்வைத்தியரைக் குறைகூறி என்ன பயன்? அவருக்கு நேரமும், நோயாளிக்கு மொழியும் மறுக்கப்பட்டிருக்கின்றன.

மொழி என்று கூறியது காரணத்தோடுதான். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரி வைத்தியரான சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1875இல் இரசாயன நூல் ஒன்றும் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், தமிழ் பேசும் தொழிலாளி தான் விழுங்கும் குளிசையின் பெயரை வாசிப்பதற்குத் தன் மகனின் ஆசிரியரைத் தேடி வரவேண்டியிருக்கிறது.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிறுவப்பட்டது. பிபிலேயின் பெயரைச் சொல்லியே அச்சட்டத்திற்காகப் பலர் போராடினர். மருந்துச்சீட்டிலே பொதுப்பெயர் எழுதப்படவேண்டும் என்ற அவரது கோட்பாடும் அதில் இடம்பெற்றது. சட்டத்தின் ஏட்டிலிருந்து குளிசை அட்டையின் முகத்துக்கு அது இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, ஆஸ்பத்திரிகளில் அத்தியாவசிய மருந்துகளே அருகிய நாட்களிலே, ஒரே பொருளைப் பல பெயரில் இறக்குமதி செய்யும் ஆடம்பரம் நமக்கு வேண்டுமா என அரை நூற்றாண்டுக்கு முன் கேட்ட மனிதரை நாடு நினைத்திருக்கவேண்டும்.

இனி, அம்மாணவனின் தந்தையைப் பற்றி. இரண்டும் ஒரே மருந்து என்பதை அவருக்குக் கூறினேன்; அதற்குமேல் கூறுவதற்கு எனக்குத் தகுதியில்லை. இரு அட்டைகளையும் கொப்பியோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டும்படியும், கால்வலிக் குளிசை நின்றுவிட்டதை மறவாது கூறும்படியும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த தவணையிலே அவரைக் கண்டேன். கிளினிக்கிலே ஓர் இளம் வைத்தியர் அத்தாளை வாசித்து, வெளியில் வாங்கியதை நிறுத்தி, மற்றதையும் சிறிது சிறிதாகக் குறைப்பதற்கு வழி சொல்லியிருக்கிறாராம். “இடைக்கிடை எரியத்தான் செய்யுது சேர். ஆனா ஏன் எரியுதெண்டு இப்ப தெரியும்,” என்றார்.

அதன்பின் எனது வகுப்பில் ஒரு பயிற்சியைச் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலுள்ள ஒரு மருந்து அட்டையைப் பார்த்து, பெரிய எழுத்திலுள்ள பெயரை விடுத்து, சிற்றெழுத்திலுள்ள பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி வரவேண்டும். அது எதற்காக, எத்தனை நாளுக்கெனத் தரப்பட்டது என்பதை வீட்டாரிடம் கேட்டு அதன் கீழ் எழுதவேண்டும். முதல் நாளிலேயே பல கொப்பிகளில் இரண்டாவது கேள்விக்கான இடம் வெறுமையாக இருந்தது. அவ்வெற்றிடத்தோடு அவர்களை மீண்டும் வீட்டுக்கு அனுப்பினேன். வைத்தியரிடம் கேட்டு வரும்படி.